மாலைதீவுக்கு ஒரு படிவம், மயிலிட்டிக்கு ஒரு ஓட்டம்

"கால் வெளிக்கிட முந்திக் கடுதாசி வெளிக்கிடோணும்" என்று எங்கள் பெரியப்பா சொல்லுவார். அதற்குப் பிறகு இன்னொரு பாதியும் இருந்தது. அதில் ஒரு கழுதை வரும். அந்தக் கழுதை கடுதாசியைச் சுமந்ததா, தின்றதா என்பது எனக்கு மறந்துபோயிற்று. சுன்னாகத்தில் பயணிகளுக்குப் படிவம் நிரப்பி, விமான நிலையத்துக்கு வான் ஒழுங்குசெய்து கொடுக்கும் இந்தத் தொழிலில் ஐந்து வருடம் குந்தியிருந்த பிறகு, கழுதை இரண்டையும் செய்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

சொந்தக்காரருக்காக ஒருமுறையேனும் இணையத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்தவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. நாம் ஒரே சாதி. பிறந்த திகதியைக் கேட்டால் மூன்று திகதி வரும்: பள்ளிக்கூடத்தில் கொடுத்தது, அடையாள அட்டையில் உள்ளது, சாதகத்தில் உள்ளது. மின்னஞ்சலைக் கேட்டால் மருமகனுடையது வரும். கடவுச்சொல்லைக் கேட்டால், "அது உமக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சன்" என்பார்கள்.

பதினைந்து வயது வரை நான் இங்கே தமிழில் படித்தேன். பிறகு சுவிஸில் ஜெர்மன் மொழியில். போய் ஒரு வருடத்துக்குள், எங்கள் மாடிக்கட்டடத்தில் இருந்த தமிழாட்கள் எல்லோருக்கும் நான்தான் படிவம் நிரப்புகிறவன். தமிழில் கேட்டு ஜெர்மனில் எழுதுவேன். நாற்பத்து மூன்று வயதில் திரும்பி வந்து, எனக்கு என்ன வேலை தெரியும் என்று ஆறுதலாக யோசித்துப் பார்த்தேன். அதுதான் தெரிந்தது. இப்போது தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறேன். வான் அருள்தாஸ் அண்ணையுடையது. குருநகர்க்காரர், ஐம்பத்தாறு வயது. வானின் முன்கண்ணாடியடியில் ஒரு சின்ன அந்தோனியார் நிற்பார். விமானம் பிந்தினாலும் பிந்தும், அருள்தாஸ் அண்ணை பிந்தமாட்டார்.

நான் எழுத உட்கார்ந்தது ஒரே ஒரு கோப்பைப் பற்றி. இடையில் ஒரு பரதேசிக் கோப்பும் புகுந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் புகுந்தது.

ஒரு நாட்டைத் தவிர

சண்முகம் அண்ணையும் தவமணி அக்காவும் ஏழாலைப் பக்கத்து வெங்காயத் தோட்டக்காரர். ஒரே மகன் செந்தூரன். பதினாறு வருடத்துக்கு முன் பிரான்சுக்குப் போய் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன். அவனுக்கு அங்கே கொடுத்திருக்கும் பயணப் பத்திரத்தோடு எந்த நாட்டுக்கும் போகலாம், ஒரு நாட்டைத் தவிர. அந்த ஒரு நாடு நாங்கள் இருக்கிற நாடு. தாயும் தகப்பனும் அங்கே போக இரண்டு தரம் விசாவுக்குப் போட்டு, இரண்டு தரமும் மறுத்தாயிற்று. இதற்கிடையில் அவன் கலியாணம் கட்டி, ஒரு பிள்ளையும் பிறந்து, அந்தப் பிள்ளைக்கு ஆறு வயதும் ஆகிவிட்டது. பேரனை இவர்கள் ரெலிபோன் கண்ணாடிக்கு வெளியே கண்டதில்லை.

இப்படியான குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. அவர்கள் கண்டுபிடித்த வழி, இரு பகுதிக்கும் சொந்தமில்லாத ஒரு மூன்றாம் இடத்தில் சந்திப்பது. முன்பு சென்னை, பிறகு மலேசியா, இப்போது மாலைதீவு. வெள்ளைக்காரர் தேனிலவுக்குப் போகிற தீவுக்கு எங்கள் ஆட்கள் தாய் தகப்பனைப் பார்க்கப் போகிறார்கள். செந்தூரன் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. அவனுக்குக் கிடைத்தது ஏழு நாள் லீவு. தாய் தகப்பனுக்கு அவன் எடுத்து அனுப்பியது மாற்றவும் முடியாத, திருப்பவும் முடியாத ரிக்கற். வியாழக்கிழமை மாலைப் பிளேனை விட்டால் அடுத்தது எந்த வருடம் என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் தவமணி அக்கா என் மேசைக்கு முன்னால் இருந்து ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். சண்முகம் அண்ணை சுவரில் தொங்கிய உலகப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"தம்பி, வெங்காயம் கிண்டி முடிச்சாப்பிறகு சந்திக்கேலாதோ எண்டு அவனை ஒருக்காக் கேட்டுப் பாரும்."

விடுமுறை

மாலைதீவுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. ஆனால் போவதற்கு முந்தின நான்கு நாளுக்குள் இணையத்தில் ஒரு பயணப் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். திரும்பி வரும் ரிக்கற், தங்கும் இடம், எல்லாம் கையில் இருக்க வேண்டும். முதல்நாள் நான் ஒத்திகை மாதிரிக் கேள்விகளைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்வது வழக்கம். தொழில் என்ன என்று கேட்டேன். "கமம்" என்றார் அண்ணை, கோயிலில் நட்சத்திரம் சொல்கிற குரலில். பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டேன்.

"மகனைப் பாக்க எண்டு போடும்."

"அப்பிடிப் போட்டால், மகன் மாலைதீவிலையோ இருக்கிறார் எண்டு கேப்பினம் அண்ணை. விடுமுறை எண்டு போடுவம்."

"எனக்கென்ன விடுமுறை? நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையே?"

தவமணி அக்கா இடையில் புகுந்தார். "இஞ்சேருங்கோ, அவர் சொல்லுறபடி போடட்டும். சும்மா நெடுக வாயைக் குடுக்காதையுங்கோ." அடுத்தது, விமான நிலையத்திலிருந்து தங்கும் தீவுக்கு எப்படிப் போவது என்ற கேள்வி. செந்தூரன் வேக வள்ளத்துக்குச் சொல்லிவைத்திருந்தான். பிளேனால் இறங்கி, அப்படியே இறங்குதுறைக்கு நடந்து, வள்ளத்தில் ஏற வேண்டும். விமான நிலையமே கடலுக்கு நடுவில் ஒரு தீவு என்று நான் படத்தைக் காட்டினேன். அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். தோட்டத்தை விட்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதையே நெடும்பயணமாக நினைக்கிற மனிதர்.

"நாப்பது வருசமாத் தண்ணி இறைச்ச எனக்கு, ஒரு கிழமை தண்ணிக்கு நடுவிலை நிக்கிறதோ விடுமுறை?"

காணிச் சண்டைக்கு எந்தப் பெட்டி?

அந்த நேரம் பார்த்துத்தான் பரதேசிக் கோப்பு வந்தது. கனடாவிலிருந்து ஒருவர் ரெலிபோனில். சுன்னாகத்தில் பிறந்தவர், இப்போது கனடாக் குடிமகன். இந்த நாட்டுக்குள் வர இணையத்தில் அனுமதி எடுக்க வேண்டும் என்றதும் அவருக்கு ஏறிவிட்டது. "என்ரை ஊருக்கு வர எனக்கே அனுமதியோ?" என்று கால்மணி நேரம் கதைத்தார். அது அவருடைய ரெலிபோன் செலவு, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நானும் ஒருகாலத்தில் இதே படிவத்தை நிரப்பி, இதே கோபத்தோடு வந்து இறங்கியவன்தான். அந்தக் கோபம் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வவுனியா வரைக்கும்தான் தாங்கும் என்பது எனக்குத் தெரியும்.

கோபம் ஆறியதும் நோக்கத்துக்கு வந்தோம். சுற்றுலா, உறவினரைப் பார்த்தல், வைத்தியம், விளையாட்டு என்று நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"நான் தங்கச்சியோடை காணிச் சண்டை பிடிக்க வாறன் ஐசே. அதுக்கு எந்தப் பெட்டியிலை புள்ளடி போடுறது?"

ராகுகாலமும் மின்சாரமும்

நான்கு நாள் கணக்கு தொடங்கிய அன்று, சண்முகம் அண்ணை கக்கத்தில் பஞ்சாங்கத்தோடு வந்தார். படிவத்தை நல்ல நேரத்தில்தான் அனுப்ப வேண்டுமாம். நான் மறுக்கவில்லை. சுவிஸிலும் எங்கள் ஆட்கள் வதிவிட அனுமதி விண்ணப்பத்தை அட்டமி, நவமி பார்த்துத்தான் தபாலில் போட்டார்கள். ஆனால் அன்று எனக்கு வேறு வேலைகள் இருந்தன. இவர் குறித்துக்கொண்டு வந்த நேரத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கிடந்தது. "இப்பவே அனுப்பிவிடுவம் அண்ணை, கொம்பியூட்டருக்கு ராகுகாலம் இல்லை" என்று சொல்லிவிட்டு நிரப்பத் தொடங்கினேன்.

எல்லாம் நிரப்பி, இரண்டு பேருடைய படத்தையும் ஏற்றி, கடைசிப் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோன அந்த நொடியில் மின்சாரம் நின்றது. மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி ஓய்ந்தது. தவமணி அக்கா விசிறிக்கொண்டிருந்த கடவுச்சீட்டை மட்டும் நான் கைநீட்டி வாங்கி மேசையில் வைத்தேன். சண்முகம் அண்ணை ஒரு வெறுந்தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். ஒரு மணித்தியாலம் கழித்து, அவர் குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாக மின்சாரம் வந்தது. மறுபடியும் முதலிலிருந்து நிரப்பினேன். கடைசிப் பொத்தானை அவரையே அமர்த்தச் சொன்னேன். வலது கைச் சுட்டுவிரலைச் சாரத்தில் துடைத்துவிட்டு, முதல் விதை ஊன்றுகிற பக்குவத்தில் அமர்த்தினார். போய்விட்டது என்று திரை சொன்னது. அண்ணை எழும்பிப் பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் வைத்தார்.

"கொம்பியூட்டருக்குத் தெரியுது தம்பி. உமக்குத்தான் தெரியேல்லை."

பிள்ளையாரும் அந்தோனியாரும்

செவ்வாய்க்கிழமை பெட்டிகளை நிறுத்துப் பார்க்க அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். இந்தச் சேவை என் விளம்பரப் பலகையில் இல்லை. ஆனால் இதைச் செய்யாமல் விட்டால், விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து மிளகாய்த்தூளை அள்ளிக் குப்பைத்தொட்டியில் போட வேண்டிவரும். எத்தனை தரம் கண்ட காட்சி. தவமணி அக்காவின் பெட்டிக்குள் ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி, பருத்தித்துறை வடை, நல்லெண்ணெய்ப் போத்தல், அரை முழமாக வெட்டிய முருங்கைக்காய். இரண்டு சேலைகள் எல்லாவற்றையும் சுற்றிப் பாதுகாத்துக்கொண்டிருந்தன. மகன் சமையலறையில் வேலைசெய்கிறவன் என்பதை ஞாபகப்படுத்தினேன். "அவன் வெள்ளைக்காரருக்கெல்லோ சமைக்கிறான்" என்றார்.

அடியில் ஒரு பட்டுத் துணிக்குள் பித்தளைப் பிள்ளையார் இருந்தார். ஆறு அங்குலம். பேரனுக்கு. அங்குதான் சிக்கல். வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவரக் கூடாது என்பது அந்தத் தீவின் சுங்க விதி. நான் பக்குவமாகச் சொல்லப் பார்த்தேன். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. பெட்டி ஏற்றிப் பார்க்க வந்திருந்த அருள்தாஸ் அண்ணைதான் உதவிக்கு வந்தார். "அக்கா, யோசியாதையுங்கோ. நீங்கள் வருமட்டும் என்ரை வானுக்கை இருக்கட்டும். அந்தோனியாரும் தனியத்தான் நிக்கிறார், கதைக்க ஆளில்லை." தவமணி அக்கா பிள்ளையாரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பட்டுத் துணியோடு அவருடைய கையில் கொடுத்தார்.

"வைச்சிரும். ஆனால் அவருக்கு முன்னாலை மீன்கதை கதைக்கப்படாது, சொல்லிப்போட்டன்."

முந்தி வெளிக்கிட்ட பெட்டி

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வான். பிளேன் மாலை ஆறரைக்கு. கட்டுநாயக்காவுக்கு ஏழரை மணித்தியாலம் எடுக்கும். வழியில் சாப்பாடு, தேத்தண்ணி, மாடு குறுக்கே போவது எல்லாம் சேர்த்தாலும் ஒன்பது மணி வரை தாங்கும். அதற்குப் பிறகு வெளிக்கிட்டால் போகிறது வீண். நான் வழக்கமாகப் பயணிகளோடு போவதில்லை, வாசலில் நின்று மூன்று பொருளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வழியனுப்புவேன். கடவுச்சீட்டு, ரிக்கற், படிவத்தின் அச்சுப்பிரதி.

"அண்ணை, பாஸ்போட்டை ஒருக்காக் காட்டுங்கோ" என்றேன்.

"பெட்டிக்குள்ளை."

"எந்தப் பெட்டிக்குள்ளை? பெட்டியளெல்லாம் வானிலை ஏத்தியாச்சு."

"உந்தப் பெட்டியள் இல்லை. சின்னப் பெட்டி."

பிறகுதான் கதை வெளியே வந்தது. வியாழக்கிழமை தெற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் தொடங்கக் கூடாது. கட்டுநாயக்கா தெற்கே, மாலைதீவு அதற்கும் தெற்கே. இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு பரிகாரம் உண்டு. முதல்நாளே நல்ல நேரம் பார்த்து ஒரு பெட்டியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவது. பெட்டி வாசலைத் தாண்டினால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு, ஆள் அடுத்தநாள் ஆறுதலாகப் போகலாம். கிழக்கு வேலிக்கு அங்காலே நாகேஸ் அக்கா இருந்தார். எட்டு வருடத்துக்கு முன் புருசனை இழந்து, தனியாக இருப்பவர். புதன்கிழமை காலை சண்முகம் அண்ணை அந்தச் சின்னப் பெட்டியை அவர் வீட்டு அறைக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறார். "பெட்டியை வைச்சது சரி அண்ணை, அதுக்குள்ளை பாஸ்போட்டை ஏன் வைச்சனீங்கள்?" என்று கேட்டேன். ஒரு படிவக்காரன் இவ்வளவு விளக்கம் இல்லாதவனாக இருப்பானா என்று அவர் என்னைப் பார்த்தார்.

"வெறும் பெட்டி போனால் அது பயணமே? பாஸ்போட், ரிக்கற், படிவம் எல்லாம் நேற்றே வெளிக்கிட்டிட்டுது தம்பி."

வடக்கே போன வான்

நாகேஸ் அக்காவின் கதவில் ஆமைப்பூட்டுத் தொங்கியது. அவருடைய ரெலிபோனுக்கு எடுத்தோம். உள்ளே, அந்தப் பெட்டி இருந்த அறைக்குள்ளேயே மணி அடித்தது. ஏழு பத்து. சண்முகம் அண்ணை பூட்டை உடைக்க ஓடிப்போய் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். தவமணி அக்கா கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். இந்த மனுசிக்குப் பதினாறு வருடமாகக் காணாத பிள்ளையே அந்தக் கதவுக்கு உள்ளே இருந்த மாதிரி. ஆனாலும் நகரவில்லை. "தனிய இருக்கிறவளின்ரை பூட்டை உடைச்சுப்போட்டு நான் பிளேன் ஏறமாட்டன். அலவாங்கைக் கீழை போடுங்கோ" என்றார். அண்ணை போட்டார்.

முன்கடைக்காரர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார். "நாகேஸ் அக்காவோ? அவ விடியவே மயிலிட்டிக்கு பஸ் எடுக்கப் போட்டா. மீன் வாங்கவாம். பத்து மணி பஸ்சுக்குத்தான் வருவன் எண்டவ." பத்து மணி! எல்லோரும் வானுக்குள் ஏறினோம், நானும்தான். ஏற்றிய பெட்டிகள் ஏற்றியபடி, அருள்தாஸ் அண்ணை தெற்கே திருப்ப வேண்டிய வானை வடக்கே திருப்பினார். சண்முகம் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். தவமணி அக்கா முன்னால் இருந்த பிள்ளையாரையே பார்த்துக்கொண்டிருந்தார். வறுத்தலைவிளானைக் கடந்தோம். தூரத்தில் பலாலிப் பக்கமாக ஒரு பிளேன் தாழப் பறந்தது. அருள்தாஸ் அண்ணைக்குத்தான் பொறுக்கவில்லை.

"அது சென்னைப் பிளேன். மறிச்சுக் கேட்டுப் பாப்பமோ, போற வழியிலை உங்களை இறக்கிவிடாயினமோ?"

முகம் காட்டாத திறப்பு

மயிலிட்டித் துறைமுகத்தில் வள்ளங்கள் வந்து மீன் இறங்கிக்கொண்டிருந்தது. நாகேஸ் அக்கா அந்தச் சனத்துக்குள் இல்லை. தள்ளி ஒரு சீமெந்துக் கட்டின் மேல், மடியில் மீன் பையோடு, கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். "நாகேஸ்!" என்று சண்முகம் அண்ணை கூப்பிட்டதும் திரும்பினார். எங்களைக் கண்டார். அவ்வளவுதான், சேலைத்தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டார்.

"ஐயோ அண்ணை, கிட்ட வராதையுங்கோ! பயணம் வெளிக்கிட்ட நேரத்திலை என்ரை முகத்திலை முழிக்காதையுங்கோ!"

"அடி விசரி, நாங்கள் இன்னும் வெளிக்கிடவே இல்லை. பாஸ்போட் உன்ரை வீட்டுக்குள்ளை கிடக்கு!"

நாகேஸ் அக்கா அப்போதும் திரும்பவில்லை. தலைப்பு முடிச்சை அவிழ்த்துப் பூட்டின் திறப்பை எடுத்து, கையை மட்டும் முதுகுப் பக்கமாக நீட்டினார். மீன் ஏலம் கூறிக்கொண்டிருந்த ஒருவர் கூறுவதை நிறுத்திவிட்டு, "என்ன, அண்ணனும் தங்கச்சியும் கோவமோ?" என்று அருள்தாஸ் அண்ணையிடம் விசாரித்தார்.

வெளிக்கிடும்போது எதிரே முதலில் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதை எங்கள் ஊரில் முழுவியளம் என்பார்கள். நிறைகுடம் கொண்டுவரும் பெண் நல்ல முழுவியளம். புருசன் இல்லாதவள் எதிரே வந்தால், திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வெளிக்கிடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பெட்டியை ஓர் இரவு வைத்துப் பாதுகாக்க இவருடைய வீடு ஆகியது. விடிந்ததும் இவருடைய முகம் ஆகவில்லை. இதை ஒருவரும் இவருக்குச் சொல்லவில்லை. சொல்ல வைக்காமல் தானாகவே விடிய எழும்பி, இரண்டு பஸ் மாறி வந்து, இந்தக் கட்டின் மேல் குந்தியிருந்தார். மீன், வந்ததற்கு ஒரு காரணம். அவர் நீட்டியிருந்த கையையும் திறப்பையும் சண்முகம் அண்ணை பார்த்தபடி நின்றார். வாங்கவில்லை. தவமணி அக்கா வானிலிருந்து இறங்கி நடந்து வந்து, நாகேஸ் அக்காவின் விரல்களைத் திறப்போடு சேர்த்துப் பொத்திப் பிடித்தார்.

"உந்தத் திறப்பு எனக்கு வேண்டாம். நீ வந்து திற."

படலையடியில்

திரும்பி வரும்போது நாகேஸ் அக்கா எனக்குப் பக்கத்தில் இருந்தார். மீன் பை சண்முகம் அண்ணையின் கைப்பையில் சாய்ந்துகொண்டு வந்தது. பிள்ளையாருக்கு முன்னால் மீன்கதை கூடாது என்ற கட்டளைக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எட்டு முப்பத்தைந்துக்கு வீட்டு வாசல். கதவு திறந்து, பெட்டி வந்து, கடவுச்சீட்டு இரண்டையும் நான் என் கண்ணால் கண்டு, என் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டேன். இனி இவர்களைக் கட்டுநாயக்காவில் உள்ளே விட்டபிறகுதான் திரும்புவது என்றும் முடிவாகிவிட்டது.

அருள்தாஸ் அண்ணை வானைத் திருப்பி நிறுத்தினார். பார்த்தால் நாகேஸ் அக்காவைக் காணவில்லை. தன் வீட்டுக் குசினிப் பக்கம் போய் நின்றுகொண்டார். சண்முகம் அண்ணை வானிலிருந்து இறங்கிவிட்டார். எட்டு நாற்பது. "அண்ணை, நேரம்!" என்றேன். அவர் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆள் நுழைகிற வேலிப்பொட்டடியில் போய் நின்றார்.

"நாகேஸ், வெளியாலை வா. படலையடியிலை நில்."

"விடுங்கோ அண்ணை. பதினாறு வருசத்துக்குப் பிறகு பிள்ளையைப் பாக்கப் போறியள். நான் நிண்டு ஏதும் பிழையாப் போனால் பிறகு ஆர் பதில் சொல்லுறது?"

சூலம் பார்த்த மனிதர், ராகுகாலம் பார்த்த மனிதர். அன்று காலை பட்டபாட்டை மனதுக்குள் ஒருமுறை கூட்டிக் கழித்திருப்பார். பிறகு வேலிக்கு அங்காலே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"இண்டைக்குப் பிழையாப் போனதெல்லாம் நீ நில்லாததாலை. வா, வந்து முன்னுக்கு நில். உன்னைப் பாத்திட்டுத்தான் வெளிக்கிடுவன்."

வெள்ளை மண்

நாகேஸ் அக்கா வந்து வாசல் படலையடியில் நின்றார். மீன் கழுவின கையோடு. எட்டு நாற்பத்தேழுக்கு வான் வெளிக்கிட்டது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைக்கக்கூட ஆறுதலாக இறங்கவில்லை. சண்முகம் அண்ணை ஓடிப்போய் உடைத்துவிட்டு ஓடி வந்தார். நாலரைக்குக் கட்டுநாயக்கா. நான் சட்டைப் பையிலிருந்து கடவுச்சீட்டுகளை எடுத்து இரண்டு பேருடைய கையிலும் கொடுத்தேன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போன தவமணி அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பயணம் போகும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது, அது எனக்கும் தெரியும்.

அடுத்தநாள் காலை ரெலிபோன் வந்தது. பின்னால் கடல் இரைகிற சத்தம், ஒரு பிள்ளை பிரெஞ்சும் தமிழும் கலந்து கத்துகிற சத்தம், தவமணி அக்கா சிரிக்கிற சத்தம். ரெலிபோன் சண்முகம் அண்ணையின் கையில். "கண்டிட்டம்" என்றார். இன்னும் ஒருதரம் "கண்டிட்டம் தம்பி" என்றார். பிறகு செய்திகளைச் சொன்னார். பேரன் ஓடி வந்து கட்டிப்பிடித்தானாம், பிடித்த கையோடு கைப்பை மீன் மணக்கிறது என்று மூக்கைப் பொத்தினானாம். வள்ளம் பரவாயில்லையாம். தீவு எப்படி என்று கேட்டேன்.

"வடிவுதான் தம்பி. ஆனால் முழுக்க வெள்ளை மண். ஒரு பாத்தி வெங்காயம் எடுக்கேலாது."

படித்த எவரும் படிவத்தை நிரப்பிவிடலாம், ஆட்களை அவரவர் படலையிலிருந்து வெளியே எடுப்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய வேலை. அடுத்த திங்கட்கிழமை நான் நாகேஸ் அக்காவிடம் போய், இனி வான் வெளிக்கிடும் நாட்களில் என் கடை வாசலில் நின்று, கடவுச்சீட்டுகளை எண்ணிப் பயணிகளின் கையில் கொடுத்து வழியனுப்பும் வேலைக்கு வரச் சொன்னேன்.